கேமராவில் தெரிந்த முதுகு

பேய்க் கதை என்றால் ராத்திரி, சுடுகாடு, ஆள் இல்லாத பங்களா என்று எதிர்பார்த்து வருவீர்கள். இதில் அது எதுவும் கிடையாது. எனக்கு நடந்தது பட்டப்பகலில். வேலை செய்கிற இடத்தில் உட்கார்ந்து, கையில் ஃபோனை வைத்துக்கொண்டு பார்த்தது. எனக்கு எழுதிப் பழக்கம் இல்லை. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். இதில் ஒரு வார்த்தை கூடுதலாக இருந்தால் என் வீட்டுக்காரி மேல் சத்தியம். அவள் இப்போது இல்லை. அவள் மேல் பொய்ச் சத்தியம் செய்கிற ஆள் நான் இல்லை.

நான் ஒரு கோல்டு ஸ்டோரேஜில் ஸ்டோர் கீப்பர். உறைய வைத்த மீன், பட்டாணி, இறைச்சி எல்லாம் பெட்டி பெட்டியாக வரும், போகும். உள்ளே போனால் மூச்சு புகையாக வரும். அதற்காகத் தடிமனான நீல ஜாக்கெட் கொடுப்பார்கள். வேலை முடிந்ததும் அங்கேயே கொக்கியில் மாட்டிவிட்டு வரவேண்டும். வீட்டுக்குக் கொண்டுபோக விடமாட்டார்கள். நாள் முழுக்க அந்தக் குளிரில் இருப்பதால் என் கை எப்போதும் சில்லென்று இருக்கும். சாயங்காலம் கதவைத் திறந்ததும் கட்டிலிலிருந்து குரல் வரும்.

"வந்துட்டாருய்யா ஐஸ் பெட்டி. அந்தக் கையை வச்சு என்னைத் தொட்டுடாதீங்க, இருக்கிற உசிரும் போயிடும்."

அவளுக்கு நுரையீரலில் வியாதி. என்ன வியாதி என்று சொல்ல வேண்டியதில்லை, உங்களுக்கே புரியும். ஆஸ்பத்திரியில் கிடந்த மாதங்களில் என் லீவு எல்லாம் தீர்ந்துவிட்டது. கடைசியில் டாக்டர், "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. அவங்க மனசுக்குப் பிடிச்ச மாதிரி வச்சுக்குங்க" என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. வேலையை விட்டால் மருந்து இல்லை. காலையில் நர்சம்மா வந்து ஊசி போட்டு, உடம்பைத் துடைத்துவிட்டுப் போவார். மாடி வீட்டு டீச்சரிடம் ஒரு சாவி கொடுத்திருந்தேன். பள்ளிக்கூடம் விட்டு அவர் வர நாலு மணி ஆகும். அதுவரை அவள் தனியாகத்தான் கிடக்க வேண்டும். எழுந்து வந்து தாழ்ப்பாள் போட அவளால் முடியாது. நான் வெளியே பூட்டிக்கொண்டுதான் போவேன்.

சாவுக்கு அவள் பயப்படவில்லை. அவள் பயம் வேறு.

"ஏங்க, போறதுன்னா போயிட்டுப் போறேன். ஆனா யாருமே இல்லாத நேரத்துல, செவுத்தைப் பாத்துக்கிட்டே போயிடக் கூடாதுங்க. நீங்க பக்கத்துல இருக்கணும். வேற ஒண்ணும் கேக்க மாட்டேன்."

"இருப்பேன்மா" என்றேன். எப்படி இருப்பேன் என்று தெரியாமலே சொன்னேன்.

ஃபோனை எடுத்துப் பேச அவளுக்குத் தெம்பு இல்லை. பேசினால் இருமல் வரும். அதனால் கேமரா வைக்கலாம் என்று யோசித்தேன். கடையில் விற்கிற கேமரா வேண்டவே வேண்டாம் என்றுவிட்டாள். அந்தப் படமெல்லாம் கம்பெனிக்காரன் கம்ப்யூட்டருக்குப் போய்விட்டுத்தான் நமக்கு வரும் என்று டீச்சர் சொல்லியிருந்தார்.

"முடியெல்லாம் கொட்டி, கத்திரிக்கு வேலை இல்லாத தலையோட கிடக்கேன். என்னை எவனோ எங்கேயோ உக்காந்து பாக்கணுமா? படம் நம்ம வீட்டுலயே இருக்கட்டும். நீங்க மட்டும் பாருங்க."

வீட்டில் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருந்தது. அதில் கேமராவை மாட்டி, கட்டிலைப் பார்த்தாற்போல் அலமாரி மேல் வைத்தேன். அந்தக் கம்ப்யூட்டரை வெளியிலிருந்து தொடவேண்டும், அதுதான் பிரச்சினை. இணையத்தில் ஒரு குழுவில் கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொண்டேன். வீட்டு ரவுட்டர் ஒரு வாட்ச்மேன் மாதிரி. உள்ளே இருக்கிறவர் வெளியே போகலாம். வெளியிலிருந்து தானாக வருகிற எதையும் அது உள்ளே விடாது. அதனால் அதில் ஒரு கட்டளை போட்டு வைக்க வேண்டும். இந்த எண்ணைச் சொல்லிக்கொண்டு யார் வந்தாலும் நேராக இந்தக் கம்ப்யூட்டரிடம் அனுப்பு என்று. போர்ட் ஃபார்வர்டிங் என்பார்கள்.

கம்ப்யூட்டருக்கு வீட்டுக்குள் மாறாத ஒரு முகவரி கொடுத்தேன். ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தில் வெளி முகவரி என்று காட்டிய எண்ணை ஃபோனில் சேமித்துக்கொண்டேன். பாஸ்வேர்டு வைத்தேன். குழுவில் ஒருவர், "அண்ணா, ஜாக்கிரதை. நீங்க வர்ற வழியில வேற யாரும்கூட வரலாம்" என்று எழுதினார். அதை அப்போது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

யாராவது பார்க்கும்போது கேமராவில் ஒரு பச்சை விளக்கு எரியும். அதை அவளிடம் சொல்லி வைத்தேன்.

"விளக்கு எரிஞ்சா நான் பாக்கிறேன்னு அர்த்தம்."

"அப்போ மூக்கு நோண்டக்கூட முடியாதா?" என்றாள்.

மறுநாள் மத்தியானம். குளிர் அறைக்குள் சிக்னல் கிடைக்காது. லாரியில் சரக்கு ஏற்றுகிற மேடைக்கு வந்து, ஒரு மரப்பலகை மேல் உட்கார்ந்து அந்த முகவரியை அடித்தேன். பக்கம் வெள்ளையாக இருந்தது. நடுவில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. வராது போல என்று நினைத்தேன். பிறகு பட்டென்று வந்தது.

என் வீடு. என் கட்டில். அவள் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். தலைக்கு மேல் ஓடுகிற ஃபேன் சத்தம்கூடக் கேட்டது. டக்... டக்... டக்... அவள் இந்தப் பக்கம் திரும்பி, நாக்கை நீட்டிக் காட்டினாள்.

நான் சத்தம் போட்டுச் சிரித்துவிட்டேன். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற பையன்... பையன் என்ன, அவனுக்கும் நாற்பது வயது... வண்டியை நிறுத்திவிட்டுப் பார்த்தான். மெதுவாகப் பேசவே வராது என்பதால் அவனுக்கு மைக்செட் என்று பெயர்.

"என்னண்ணே, இந்த வயசுல ஃபோனைப் பாத்து இளிக்கிறீங்க? அண்ணிகிட்ட சொல்லவா?"

"அண்ணியைத்தான்டா பாத்துக்கிட்டு இருக்கேன்."

அவன் ஒன்றும் பேசாமல் போய்விட்டான். மைக்செட் பேசாமல் போனது அன்றைக்குத்தான்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனேன்.

"ஏங்க, விளக்கு எரியும்னு சொன்னீங்க. எரியவே இல்லையே?"

"எரியாம என்ன? நாக்கை நீட்டினியே, பாத்தேனே."

"அது உங்களைப் பாத்து நீட்டினது. கேமராவைப் பாத்து நீட்ட எனக்கென்ன கிறுக்கா?"

கிண்டல் செய்கிறாள் என்று நினைத்தேன். வலி மருந்து கொடுத்தால் பாதித் தூக்கத்திலேயே இருப்பாள். அப்படி ஏதாவது இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகு தினமும் மத்தியானம் பார்ப்பேன். தினமும் அந்த வட்டம் சுற்றும். பிறகு பட்டென்று திறக்கும்.

முதலில் என் கண்ணில் பட்டது ஸ்டூல். சமையலறையில் கிடக்கிற பிளாஸ்டிக் ஸ்டூல். காலையில் அதன் மேல் ஏறித்தான் மேல் அலமாரியில் டீத்தூள் எடுத்தேன். மத்தியானம் கேமராவில் அது கட்டில் பக்கத்தில் இருந்தது. நர்சம்மா போட்டிருப்பார் என்று நினைத்தேன். மறுநாள் கேட்டேன். "நான் கட்டில் மேலயே உக்காந்துக்குவேன் சார். ஸ்டூல் எதுக்கு?" என்றார்.

இரண்டாவது, சத்தம். ஒரு நாள் படத்தில் அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். ஃபேன் சத்தம் கேட்டது. அவள் இழுத்து இழுத்து மூச்சு விடுவதும் கேட்டது. எனக்கு அது மனப்பாடம். ஆனால் அதற்கு நடுவில்... இன்னொரு மூச்சு. நிதானமான மூச்சு. ஃபோனைக் காதோடு வைத்துக் கேட்டேன். என் மூச்சா என்று பார்க்க, என் மூச்சை அடக்கிக்கொண்டேன்.

அதுவும் நின்றது.

நான் மூச்சு விட்டேன்.

அதுவும் விட்டது.

ஃபோன் கோளாறு, எதிரொலி, இப்படி எதையோ சொல்லி மனதைத் தேற்றிக்கொண்டேன். ஆனால் அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை. இரண்டே கால் மணி. படம் திறந்தது. இடது ஓரத்தில் ஏதோ நீலமாகத் தெரிந்தது. துணி என்று நினைத்தேன். அது அசைந்தது. தோள்பட்டை. ஒரு ஆள் ஸ்டூலில் உட்கார்ந்து, கட்டில் பக்கம் குனிந்திருந்தான். முதுகு மட்டும்தான் தெரிந்தது. அவள் கண்ணைத் திறந்து அந்த ஆள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கை அவன் கைக்குள் இருந்தது.

"நீங்க வர்ற வழியில வேற யாரும்கூட வரலாம்" என்று குழுவில் ஒருவர் எழுதியது மனதில் மோதியது. கம்ப்யூட்டருக்குள் வருவான் என்றால் சரி. வீட்டுக்குள் எப்படி வந்தான்?

"டேய், வண்டியை எடுடா!" என்று கத்தினேன். மைக்செட் பைக்கில் என்னைக் கூட்டிக்கொண்டு பறந்தான். முக்கால் மணி நேரப் பாதை. வழியெல்லாம் "கல்லை எடுத்துக்கலாமாண்ணே, கம்பை எடுத்துக்கலாமாண்ணே" என்று கேட்டுக்கொண்டே வந்தான்.

வீடு பூட்டியிருந்தது. வெளியே நான் போட்ட பூட்டு அப்படியே தொங்கியது. ஜன்னல் கம்பிகள் அப்படியே இருந்தன. உள்ளே போனேன். குளியலறை, கட்டிலுக்கு அடியில், கதவுக்குப் பின்னால் என்று எல்லா இடமும் மைக்செட் தேடினான். யாரும் இல்லை. ஸ்டூல் மட்டும் கட்டில் பக்கத்தில் இருந்தது.

அவள் கண்ணைத் திறந்தாள்.

"ஏங்க மறுபடியும் வந்துட்டீங்க? இப்பத்தானே போனீங்க?"

நான் பூட்டைக் கையில் வைத்துக்கொண்டே நின்றேன்.

"தினமும் இவ்வளவு தூரம் ஓடி ஓடி வர்றீங்க. உங்க மேனேஜர் ஒண்ணும் சொல்லலியா?" என்று கேட்டுவிட்டு லேசாகச் சிரித்தாள். "இன்னைக்கு என்னவோ உங்க கை நல்லா சூடா இருந்துச்சு. ஐஸ் பெட்டிக்கு இன்னைக்குக் கரண்ட் இல்லையோ?"

மைக்செட் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். அவன் செருப்பைக்கூட மாட்டாமல் வாசலுக்குப் போய் நின்றுகொண்டான்.

அன்றைக்கே பூட்டை மாற்றினேன். ரவுட்டரில் போட்ட கட்டளையை எடுத்துவிடலாம் என்று கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். அவள் கட்டிலிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க பண்றீங்க?"

"இந்தக் கேமராவை எடுத்துடலாம்னு..."

"அதை என்னமோ பண்ணிக்குங்க. ஆனா மத்தியானம் வர்றதை நிறுத்திடாதீங்க. நீங்க வந்து உக்காந்தா எனக்குப் பயமே இல்ல. மூச்சு முட்டினாக்கூட பயம் இல்ல."

நான் வரவே இல்லை என்று சொல்ல வாய் திறந்தேன். சொல்லியிருந்தால் அவளுக்கு என்ன மிச்சம் இருந்திருக்கும், நீங்களே சொல்லுங்கள். வந்து உட்கார்வது பேயோ, பிசாசோ, வேறு எதுவோ... அதைப் பார்த்தால் அவளுக்குப் பயம் போகிறது. என்னைத் தவிர யாருக்கும் அதனால் பயம் இல்லை.

"நிறுத்த மாட்டேன்மா" என்றேன். கம்ப்யூட்டரை அப்படியே விட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகு இரண்டு நாள் நான் பார்க்கவில்லை. தைரியம் இல்லை. சாயங்காலம் போனால் ஸ்டூல் அங்கேயே இருக்கும். அவள் முகம் தெளிவாக இருக்கும்.

வெள்ளிக்கிழமை காலையில் பெட்டி கட்டுகிற இரும்புப் பட்டை என் இடது உள்ளங்கையைக் கிழித்துவிட்டது. நல்ல ரத்தம். மருந்துப் பெட்டியில் கட்டுத்துணி தீர்ந்து போயிருந்தது. மைக்செட் பஞ்சை வைத்து, பார்சல் ஒட்டுகிற மஞ்சள் டேப்பைச் சுற்றிவிட்டான்.

"பார்சல் ரெடி. ஸ்டாம்பு ஒட்டிடவாண்ணே?"

சிரித்தேன். ஆனால் காலையிலிருந்தே மனது சரியில்லை. கிளம்பும்போது அவள் "போயிட்டு சீக்கிரம் வாங்க" என்று சொன்ன விதம் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. மேனேஜரிடம் போய் அரை நாள் கேட்டேன். லாரி நிற்கிறது, மாற்று ஆள் வந்ததும் போ என்றார். மாற்று ஆள் வரவில்லை.

இரண்டு நாற்பது. மேடைக்கு வந்தேன். ஜாக்கெட்டைக்கூடக் கழற்றவில்லை. பலகையில் உட்கார்ந்து ஃபோனை எடுத்தேன்.

வட்டம் சுற்றியது.

சுற்றியது.

திறந்தது.

அந்த முதுகு இருந்தது. இந்த முறை முழுதாகத் தெரிந்தது. தடிமனான நீல ஜாக்கெட். வீட்டுக்குள் வெயில் அடிக்கிற நேரத்தில், ஃபேனுக்கு அடியில், ஒரு ஆள் குளிர் ஜாக்கெட் போட்டு உட்கார்ந்திருக்கிறான். முதுகில் எங்கள் கம்பெனியின் வெள்ளைப் பட்டை.

அவள் வாய் திறந்திருந்தது. மூச்சு இழுத்தது. மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவில் ரொம்ப இடைவெளி.

டக்... டக்... டக்...

"ஏங்க..." அவள் குரல். "வந்துட்டீங்களா?"

"வந்துட்டேன்மா."

அது என் குரல்.

ஃபோனுக்குள்ளிருந்து வந்தது. என் வாய் அசைந்ததா என்று எனக்குத் தெரியாது.

அந்த ஆள் இடது கையை எடுத்து அவள் நெற்றியில் வைத்தான். உள்ளங்கையைச் சுற்றி மஞ்சளாக ஏதோ.

டேப்.

நான் என் கையைப் பார்த்தேன்.

மறுபடி ஃபோனைப் பார்த்தேன்.

அவள் மூச்சு இழுத்தாள்... விட்டாள்...

டக்...

டக்...

டக்...

அடுத்த மூச்சு வரவில்லை.

அந்தக் கை மெதுவாக இறங்கி அவள் கண்களை மூடியது.

பிறகு அந்தத் தலை திரும்பியது. கேமரா பக்கம். கன்னம் தெரிந்தது. காது தெரிந்தது. இன்னும் கொஞ்சம் திரும்பினால் முகம்...

பக்கம் வெள்ளையாகிவிட்டது.

யாரோ என் தோளைப் பிடித்து உலுக்கினார்கள். மைக்செட். மணி இரண்டு ஐம்பத்திரண்டு.

"போகணும்டா" என்றேன். அவன் ஏன் என்று கேட்கவில்லை. பைக்கை எடுத்தான்.

புதுப் பூட்டைத் திறந்தேன். அவள் போய்விட்டிருந்தாள். கண் மூடியிருந்தது. வாய் மூடியிருந்தது. போர்வை கழுத்து வரை இழுத்துவிடப்பட்டிருந்தது. வலது கை மட்டும் போர்வைக்கு வெளியே, கட்டில் ஓரத்தில், எதையோ பிடித்திருந்த மாதிரி வளைந்து கிடந்தது. உடம்பு குளிர ஆரம்பித்திருந்தது. அந்தக் கை மட்டும் சூடாக இருந்தது.

டாக்டர் வந்து பார்த்தார். "கடைசி நேரத்துல பக்கத்துல இருந்தீங்களா?" என்று கேட்டார். "கண்ணை மூடி, எல்லாம் செஞ்சிருக்கீங்களே" என்றார். நான் என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. மாடி வீட்டு டீச்சர் அழுதுகொண்டே, "தனியா போகல சார், நீங்க இருந்தீங்க, அதுவே போதும்" என்றார். அவருக்கு ஒன்றும் தெரியாது.

இதோடு முடிந்திருந்தால் நான் எழுதியிருக்க மாட்டேன். துக்கத்தில் மனது காட்டிய படம் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டிருப்பேன்.

இரண்டு மாதம் கழித்து, இணைய இணைப்பு இனி வேண்டாம் என்று சொல்லி ஆள் அனுப்பச் சொன்னேன். நெட்காரர் வந்தார். ரவுட்டரைத் திறந்து பார்த்தவர், நான் போட்ட கட்டளையைக் கண்டு சிரித்தார்.

"இது யார் சார் போட்டது?"

"நான்தான். வெளியிலேருந்து வீட்டுக் கம்ப்யூட்டரைப் பாக்க."

"வேலை செஞ்சிருக்காதே சார்."

"செஞ்சுதே. தினமும் பாத்தேனே."

அவர் பொறுமையாகச் சொன்னார். நான் வெளி முகவரி என்று நினைத்து எடுத்தது வெளி முகவரியே இல்லையாம். அது நெட் கம்பெனிக்காரர்கள் தங்களுக்குள் வைத்துக்கொள்கிற எண்ணாம். எங்கள் தெரு முழுக்க எல்லா வீட்டுக்கும் சேர்த்து வெளியே ஒரே முகவரிதானாம். நான் ரவுட்டரில் என்ன கட்டளை போட்டாலும், வெளியிலிருந்து வருவது எங்கள் வீட்டு ரவுட்டர் வரைக்கும் வந்து சேரவே சேராதாம்.

"நிறைய பேர் இந்தத் தப்பைப் பண்ணுவாங்க சார். வீட்டுக்குள்ள நின்னு அடிச்சுப் பாத்தா திறக்கும். சரியாயிடுச்சுன்னு நினைச்சுக்குவாங்க. வெளியே போனா ஒரு நாளும் திறக்காது."

"நான் பாத்தேன்."

"அப்படின்னா நீங்க வீட்டுக்குள்ள இருந்துதான் சார் பாத்திருக்கணும்."

உட்கார்ந்துவிட்டேன். அந்த ஸ்டூலில்தான் உட்கார்ந்தேன் என்று பிறகுதான் கவனித்தேன்.

மறுநாள் மைக்செட்டைத் தனியாகக் கூப்பிட்டேன்.

"அந்த வெள்ளிக்கிழமை நான் எங்கடா இருந்தேன்?"

அவன் சுற்றும் முற்றும் பார்த்தான். முதல் தடவையாக மெதுவாகப் பேசினான்.

"பலகை மேலதான்ணே உக்காந்திருந்தீங்க. நாலு தடவை கூப்பிட்டேன். கண்ணு திறந்திருந்துச்சு. ஆனா நீங்க இல்லண்ணே. தோள்ல கை வச்சேன்... ஜாக்கெட் அப்படியே அமுங்குச்சு. உள்ள ஆளே இல்லாத மாதிரி. பயந்துபோய் கையை எடுத்துட்டேன்."

"அப்புறம்?"

"'வந்துட்டேன்மா'ன்னு முணுமுணுத்தீங்க. அப்புறம்தான் மறுபடி பிடிச்சு உலுக்கினேன். அப்ப தோள் இருந்துச்சு."

"என் ஃபோன்ல என்னடா தெரிஞ்சுது?"

அவன் இன்னும் கிட்டே வந்தான்.

"ஒண்ணும் இல்லண்ணே. வெறும் வெள்ளை. நடுவுல வட்டம் சுத்திக்கிட்டே இருந்துச்சு. என்னைக்குமே அப்படித்தான்ணே இருக்கும். அண்ணியைப் பாக்கிறேன்னு சொல்லிக்கிட்டு, நீங்க அந்த வட்டத்தைப் பாத்துத்தான் சிரிப்பீங்க. எப்படிச் சொல்றதுன்னு தெரியாம நாங்க யாரும் சொல்லல."

அவ்வளவுதான் நடந்தது. படித்தவர்கள் யாராவது விளக்கம் சொன்னால் கேட்டுக்கொள்கிறேன். எனக்குப் பயமெல்லாம் போய்விட்டது. இப்போது என்னைத் தின்பது வேறு ஒன்று.

அவள் கேட்டபடி நான் பக்கத்தில் இருந்தேன் என்கிறார்கள். அவள் கையைக் கடைசி வரை பிடித்திருந்தது நான்தான் என்றால்... அந்தப் பிடி எனக்கு ஏன் கொஞ்சம்கூட ஞாபகம் இல்லை?